எவர்சில்வர் பிரேக் பைப்பும் நான் சொன்ன ஒரு பொய்யும்

கடலூர் ரோட்டில் ஏ.எஃப்.டி. மில் பக்கத்து ரயில்வே கேட்டைத் தெரியாத பாண்டிக்காரர் இருக்க மாட்டார். விழுப்புரத்திலிருந்து பாண்டிக்கு 1879ல் போட்ட ரயில் பாதை அங்கேதான் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. கேட் போட்டுவிட்டால் இந்தப் பக்கம் முதலியார்பேட்டை வரைக்கும் வண்டி நிற்கும்.

போன தை மாசம் ஒரு நாள் காலை ஏழு மணி. பாகூர் பக்கத்திலிருந்து கத்திரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழக்கமா அஞ்சு மணிக்கே போய்விடுவேன். அன்றைக்குப் பறிக்க ஆள் வராமல் லேட்டாகிவிட்டது. எதிரே கேட் இறங்குது. முன்னாடி போன வண்டியெல்லாம் நிற்குது. நானும் பிரேக்கை மிதித்தேன். கால் நேரா தரைக்குப் போய்விட்டது.

ஓட்டினவர்களுக்குத் தெரியும். படிக்கட்டு இருக்கு என்று நினைத்துக் காலை வைக்கிறோம், படி இல்லை. அந்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை மிதித்தேன். மறுபடியும் ஒன்றும் இல்லை. எனக்கு நேர் முன்னால் ஒரு ஸ்கூட்டர். ஓட்டுறவருக்கு முன்னால் யூனிஃபார்ம் போட்ட ஒரு பொண்ணு நின்றுகொண்டிருக்கு, தலை வாரிப் பூ வைத்து.

பழைய ஜீப்பில் ஒரு நல்ல விஷயம், கை பிரேக் தனி. அதுக்கு ஆயிலும் கிடையாது, பைப்பும் கிடையாது. கம்பி இழுத்தால் பின்னால் போகிற ஷாஃப்டில் இருக்கிற டிரம்மைப் பிடிக்கும். அதை இழுத்துக்கொண்டே மூணாவதிலிருந்து ரெண்டு, ரெண்டிலிருந்து ஒண்ணு என்று கியரை அடித்து இறக்கினேன். வண்டி கதறிக்கொண்டு நின்றது. நின்ற இடத்தில் என் பம்பர் அந்த ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடிக்கவில்லை, தொட்டது.

அவர் திரும்பிப் பார்த்து, "இன்னா பெரியவரே, கண்ணு தெரியலையா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கை நடுங்கியதில் சாவியைத் திருப்பி அணைக்கக்கூட முடியவில்லை. ரயில் போச்சு, கேட் திறந்தது, அவர் அந்தப் பொண்ணோடு போய்விட்டார். நான் ரெண்டு பேரைக் கூப்பிட்டு வண்டியை ஓரம் தள்ளினேன். காய் ஆட்டோவில் போனது.

நெல்லித்தோப்பில் ஒரு பாய் இருக்கிறார், பழைய ஜீப் வேலைக்கு அவர்தான். ஆள் அனுப்பி அழைத்து வந்தேன். எழுபது வயசு கிட்ட ஆகுது, வண்டிக்கு அடியில் சாக்கைப் போட்டுப் படுத்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்.

"எப்ப இருந்து ஆயில் எறங்குது தம்பி?"

"இன்னைக்குத்தான் பாய்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சேஸிஸ் மேல் ஒட்டியிருந்த சேற்றுக்கட்டி ஒன்றைப் பெயர்த்து வெளியே நீட்டினார். மேலே காய்ந்த மண், உள்ளே வரைக்கும் ஊறி நனைந்த மண். அந்த இடத்தில் சேஸிஸ் பெயின்டே இல்லை. பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும், அதுக்கு நாளாகும்.

"இது இன்னைக்குக் கசிஞ்சது இல்ல தம்பி" என்றார். அவ்வளவுதான்.

உண்மை என்னவென்றால், எனக்கு ஒரு மாசமாகத் தெரியும். டப்பாவில் ஆயில் இறங்குவதைப் பார்த்தேன், ஊற்றினேன். பத்து நாள் கழித்துப் பார்த்தேன், மறுபடி ஊற்றினேன். அறுப்பு வேலை, உர வேலை, "பொங்கல் போகட்டும் பாத்துக்கலாம்" என்று இருந்தேன். விவசாயிக்கு ஒரு புத்தி உண்டு. மோட்டார் பைப் கசிந்தால் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவோம், அது ரெண்டு போகம் ஓடும். சொட்டுநீர்க் குழாய் ஒழுகினால் ஒரு குச்சியைச் செருகுவோம். ஒழுகுறது எல்லாம் தாங்கும் என்றே பழகிவிட்டோம். பிரேக் அந்தக் கணக்கில் வராது என்பது எனக்கு அந்த கேட்டில்தான் உறைத்தது.

ஏன் வராது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தில் பாஸ்கல் விதி படித்தோமே, அதுதான் பிரேக். பாஸ்கல் 1623ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். அடைத்து வைத்த திரவத்தை ஒரு பக்கம் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே போய்ச் சேரும் என்றார். இதை வைத்து நாலு சக்கரத்துக்கும் பிரேக் போட்ட முதல் கார்களில் ஒன்று, அமெரிக்காவில் 1921ல் வந்த டியூசன்பர்க்.

என் கால் 40 கிலோ எடையில் மிதிக்கிறது என்று வையுங்கள். பெடல் ஒரு நெம்புகோல், அது ஆறு மடங்காக்கினால் 240 கிலோ. அது ஒரு இஞ்சி குறுக்களவு உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. அதன் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 48 கிலோ. பயத்தில் மிதிக்கிறவன் இன்னும் பலமாக மிதிப்பான், 70 தாண்டும். நம் சொட்டுநீர்க் குழாயில் இருக்கிற அழுத்தம் ஒன்று, ஒன்றரை கிலோதான். இதில் சைக்கிள் டியூப்பைக் கட்டி என்ன பண்ணுறது?

இவ்வளவு அழுத்தத்தையும் தாங்குகிற பைப் பென்சில் தடிமன்கூடக் கிடையாது, 4.75 மில்லிமீட்டர். அதன் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. என் வண்டி பழசு என்பதால் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே ஒரு அறை. நாலு சக்கரத்துக்கும் அதிலிருந்துதான் ஆயில் போகணும். எங்கே ஓட்டை விழுந்தாலும் நாலும் போச்சு. இப்போது வரும் கார்களில் ரெண்டு அறை இருக்கும், ஒன்று போனாலும் இன்னொன்று பாதியையாவது பிடிக்கும். டவுனில் இருக்கிறவர்கள் அந்த மட்டும் நிம்மதியாக இருக்கலாம்.

பைப் ஏன் ஓட்டை விழுந்தது? ரெண்டு காரணம். ஒன்று உப்புக்காத்து, அது பாண்டியில் யாரையும் விடாது. வெள்ளைக்காரத் தெருவில் ஜன்னல் கம்பிக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் துரு வருகிற மாதிரிதான். இன்னொன்று நானே ஏற்றினது. பின்பக்கத்தில் பொட்டாஷ் மூட்டை ஏற்றுவேன். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டினது பலகை இடுக்கு வழியாக இறங்கி பைப் மேல் உட்கார்ந்திருக்கு. பொட்டாஷ் என்பதும் ஒரு உப்புதான். காத்தில் ஈரம் இருந்தால் போதும், தானே கசிந்து இரும்பைத் தின்னும். ஓட்டை விழுந்த இடம் சரியாக அந்த இடுக்குக்கு நேர் கீழே இருந்தது.

மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அந்த இரும்பு பைப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஒரேயடியாக எவர்சில்வரில் போட்டுவிடலாம் என்று முடிவு பண்ணினேன். வேலையை நானே பண்ணணும் என்றும் தோன்றியது. அதுக்குக் காரணம் காசு மட்டும் இல்லை. அது உங்களுக்கும் புரியும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் சொன்னதும் எங்க வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, எவர்சில்வர் டப்பாவுல நாங்க உப்பு போட்டு வைக்க மாட்டோம், புள்ளி புள்ளியா அரிச்சிரும்னு ஜாடியிலதான் வைப்போம். நீங்க அதைப் போய் உப்புக்காத்துல வைக்கிறேங்கிறீங்களே?"

இந்தக் கேள்வியை எனக்கு எந்தக் கடைக்காரரும் கேட்கவில்லை. அவள் சொன்னது சரி. எவர்சில்வரில் பல ரகம். பாத்திரத்துக்கு நல்ல ரகம் 304, அதையே உப்பு நாளானால் அரிக்கும். 316 என்று இன்னொரு ரகம் இருக்கு, அதில் மாலிப்டினம் சேர்க்கிறார்கள், உப்பை அதிகம் தாங்கும். படகு சாமானுக்கு அதைத்தான் தேடுவார்கள். ஆக, 316 என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

முதலில் பண்ணினது முட்டாள்தனம். உள்ளூரில் கிடைத்த ஒரு எவர்சில்வர் குழாயை வாங்கி வந்தேன். தெரிந்த ஏ.சி. மெக்கானிக் பையனிடம் வாய் விரிக்கிற கருவியை இரவல் வாங்கினேன். ஏ.சி.க்குச் செம்பு பைப்பின் வாயைப் புனல் மாதிரி விரிப்பார்களே, அந்தக் கருவி. செம்பு அதுக்கு வெண்ணெய் மாதிரி விரியும். எவர்சில்வரை மாட்டித் திருகினேன், பைப் பிடிக்குள்ளிருந்து வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது. இன்னும் இறுக்கிப் பிடித்துத் திருகினேன், வாய் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கீறல், அது அப்படியே நீளத்துக்குப் போனது. பிறகுதான் பார்த்தேன், அது தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த குழாய். பற்றின இடம் பிளந்துகொண்டது.

எவர்சில்வரின் குணம் இதுதான். வளைக்க வளைக்க, நசுக்க நசுக்க, கடினமாகிக்கொண்டே போகும். கடினமானதை மேலும் விரித்தால் வெடிக்கும். பைப் வெட்டுகிற சக்கரக் கருவியால் வெட்டினால்கூட அது அழுத்துகிற அழுத்தத்தில் முனை இறுகிவிடும். அதனால் மெல்லிய பல் ரம்பத்தால் அறுத்து, அரத்தால் நேராக்கி, உள்ளேயும் வெளியேயும் பிசிர் எடுக்கணும். கொல்லுப் பட்டறையில் காய்ச்சி மென்மையாக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. செம்பைச் சிவக்கக் காய்ச்சினால் மென்மையாகும். எவர்சில்வருக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு ஏற்றி, சட்டென்று குளிர வைக்கணும். அரைகுறையாகக் காய்ச்சினால் துருப் பிடிக்காத குணமே கெட்டுவிடும். அது வீட்டில் ஆகிற வேலை இல்லை.

"செம்பு பைப்பையே போட்டுடு அண்ணே, அஞ்சு நிமிஷ வேலை" என்றான் ஏ.சி. பையன். அதுதான் பெரிய ஆபத்து. ஏ.சி. பைப் சுவரோடு நிற்கிறது. வண்டி பைப் நாள் முழுக்க ஆடுகிறது. ஆட்டத்தில் செம்பு இறுகி, ஒரு நாள் ஒடியும். செம்போடு 10 சதம் நிக்கல் சேர்த்த கலவை ஒன்று இருக்கு, கப்பலில் கடல்தண்ணி ஓடுகிற குழாய்க்கு அதைப் போடுவார்கள். சுவீடன் நாட்டு வோல்வோ கம்பெனி 1970களிலேயே அதைக் காரின் பிரேக் பைப்புக்குக் கொண்டுவந்தது. துருவும் பிடிக்காது, வாயும் சுலபமாக விரியும். எனக்கு இங்கே அந்தப் பைப் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கடைசியில் சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 316 ரகம், பற்று இல்லாதது, ஆலையிலேயே மென்மையாக்கினது என்று கேட்டு வாங்கினேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரிடம் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற விரிப்புக் கருவி இருந்தது. ஒரு நாள் வாடகைக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு விஷயம் சொன்னார். வாயில் ரெண்டு கோணம் உண்டு. எவர்சில்வர் ஹைட்ராலிக் குழாயை 37 டிகிரியில் ஒற்றையாக விரிப்பார்கள். ஆனால் பழைய ஜீப்பின் இருக்கை 45 டிகிரி, அதுக்கு வாயை உள்பக்கம் மடித்து ரெட்டையாக்கணும். கோணம் மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

பின்பக்கத்துக்கு மூணு பைப், ஆறு வாய். முன்பக்கம் போன வருஷம்தான் மாற்றியது. திண்ணையில் வைஸைப் பொருத்தி, முதலில் துண்டுக் குழாயில் பழகினேன். நாலு துண்டு வீண். ஒன்று கோணல், ரெண்டு வெடிப்பு, ஒன்று சுமார். அஞ்சாவதும் ஆறாவதும் வட்டமாக வந்தது. பேத்தி படிக்கிற பூதக்கண்ணாடியை வாங்கி வாயைச் சுற்றிப் பார்த்தேன். முடி அளவு கீறல் இருந்தாலும் வெட்டிப் போட்டேன்.

அப்புறம் நிஜ பைப். முதல் வாயை அழகாக முடித்து, ரெண்டாவது வாயையும் முடித்துப் பெருமையாகத் தூக்கிப் பார்த்தால், நட்டு மேஜை மேல் இருக்கிறது. வாய் விரிப்பதற்கு முன்னால் நட்டைப் பைப்பில் கோத்துவிடணும், பிறகு நுழையாது. வெட்டி எறிந்து மறுபடி பண்ணினேன். எங்க வீட்டுக்காரி சிரிக்காமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

மாட்டி முடித்ததும் காத்து எடுக்கணும். தண்ணியையும் ஆயிலையும் நசுக்க முடியாது, காத்தை நசுக்கலாம். அதனால் பைப்பில் காத்து இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி போகும். அவளை ஏற்றி உட்கார வைத்தேன். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பிக்கணும்.

"மிதி… பிடிச்சுக்கோ… விடாத… இப்ப விடு."

"எத்தினி தடவைங்க?"

"குமிழி நிக்கிற வரைக்கும்."

நாலு சக்கரமும் முடிய ஒரு மணி நேரம் ஆச்சு. ஆயில் விஷயத்தில் ஒன்று சொல்லணும். நாமெல்லாம் 'பிரேக் ஆயில்' என்கிறோம், ஆனால் அது ஆயிலே இல்லை, எண்ணெய்ப் பசை இல்லாத வேறு திரவம். ஆயில்தானே என்று இன்ஜின் ஆயிலை ஊற்றினவர்களை எனக்குத் தெரியும். உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப்போய்ப் பிரேக்கே பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, அது காத்தில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். திறந்து வைத்த பழைய டப்பாவை நம்ம ஊர் புழுக்கத்தில் வைத்திருந்து ஊற்றக்கூடாது.

அப்புறம் சோதனை. ஒவ்வொரு மூட்டையும் துடைத்து, பூஜை மாடத்திலிருந்து விபூதி எடுத்து வந்து மேலே பூசினேன். ஒரு துளி கசிந்தாலும் வெள்ளை கறுக்கும். "பிரேக்குக்குப் பூசையா?" என்றாள். அஞ்சு நிமிஷம் பலமாக மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். அஞ்சு மூட்டு வெள்ளையாகவே இருந்தது. பின் ஆக்ஸில் நடுவில் இருக்கிற பித்தளை மூட்டில் மட்டும் கடுகளவு கறுப்பு.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கடுகைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, "இது போதும், ஓட்டிப் பாத்துக்கலாம்." கேட்டில் நின்று ரெண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்தப் பொண்ணு தலையில் இருந்த பூ ஞாபகம் இருக்கு, ஆனாலும் அந்த நினைப்பு வருது. மனுஷன் புத்தி லேசில் மாறாது.

கழற்றினேன். எவர்சில்வர் கடினம் என்பதால் ஒரே தடவையில் இருக்கையில் உட்காராது. இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, அப்படி நாலு தடவை பண்ணினால் படியும் என்றார்கள். பண்ணினேன், மறுபடியும் கறுத்தது. பித்தளை இருக்கையைத் தடவிப் பார்த்தால் பழைய பைப் போட்ட கோடு நகத்தில் தட்டியது. புது மூட்டு வாங்கிவர ஒரு நாள் போனது. அந்த ஒரு நாளும் காய் ஆட்டோவில்தான் போனது. புதுசு போட்டு மறுபடி விபூதி, மறுபடி அஞ்சு நிமிஷம். வெள்ளை அப்படியே இருந்தது.

அதோடு ஓட்டவில்லை. பாயை வீட்டுக்கே வரவழைத்தேன். ஒவ்வொரு வாயையும் பார்த்தார். ரெண்டு இடத்தில் கிளிப் தூரமா இருக்கு, பைப் ஆடும், நடுவில் ஒன்று போடு என்றார். சேஸிஸை உரசுகிற இடத்தில் ரப்பர் வைக்கச் சொன்னார். அவரே ஏரிக்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கிளம்பும்போது நான் சொன்னேன், "பாய், அன்னைக்கு இன்னைக்குத்தான்னு சொன்னேன்ல, அது பொய். ஒரு மாசமா ஊத்திக்கிட்டு இருந்தேன்."

"தெரியும் தம்பி" என்றார். "எல்லாரும் அதான் சொல்லுவாங்க."

படிக்கிறவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்கணும் என்று நான் சொல்ல வரவில்லை. இப்போதைய கார்களின் பிரேக்கை அதுக்கென்று படித்தவர்கள் தொடட்டும். புல்லட் வைத்திருக்கிற பிள்ளைகள் போடுகிறார்களே பின்னல் போட்ட எவர்சில்வர் ஹோஸ், அது வேறே சமாச்சாரம், முனையெல்லாம் கம்பெனியிலேயே முடித்து வரும், நாம் வாய் விரிக்க வேண்டியது இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். பானெட்டைத் திறந்தால் ஒரு சின்ன டப்பாவில் கோடு போட்டிருக்கும். அது இறங்கினால் ஊற்றிவிட்டு மூடாதீர்கள். கட்டை தேய்ந்தால் கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் எது என்று அடியில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் பையன் வண்டியை விற்றுவிடச் சொல்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கு, யோசிக்கிறேன். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை காலையில் சாக்கைப் போட்டு அடியில் படுத்து எல்லா மூட்டையும் துணியால் துடைத்துப் பார்க்கிறேன். பொட்டாஷ் மூட்டைக்குக் கீழே தார்ப்பாய் விரிக்கிறேன்.

எங்க வீட்டுக்காரி இப்போதும் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள். "பாத்தீங்களா?"

பார்த்திருந்தால் பார்த்தேன் என்பேன். பார்க்கவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் சாக்கை எடுப்பேன்.